சிலிப்பர் கட்டைப் பந்தல்

கெமாஸுக்குப் போனேன் என்று யாரிடமாவது சொன்னால், "அங்கே எந்த வண்டிக்கு மாறினீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஊருக்கு அப்படி ஒரு பெயர். பாடாங் பெசாரிலிருந்து ஜொகூர் நோக்கி வரும் மேற்குக் கரைப் பாதையும், கிளந்தானின் தும்பாட் வரை காட்டுக்குள் நுழைந்து போகும் கிழக்குக் கரைப் பாதையும் பிரிகிற இடம் அது. 1910-இல் கெமாஸிலிருந்து பகாவ் வரை போட்ட துண்டுதான் கிழக்குப் பாதையின் தொடக்கம். தும்பாட் வரை அது முழுதாக இணைந்தது 1931-இல். சிங்கப்பூர் வண்டியில் வந்து நடுச்சாமத்தில் இறங்கி, கிளந்தான் வண்டிக்காகப் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து ஊரைப் பார்த்தவர்கள் குறைவு.

கடந்த ஆண்டு மே மாதக் கடைசியில் நான் கோலாலம்பூரிலிருந்து மின்ரயில் பிடித்தேன். செரம்பான், ரெம்பாவ், பூலாவ் செபாங், பத்தாங் மலாக்கா என்று ஒவ்வொன்றாகக் கழிந்து கெமாஸ் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2013-இல் திறந்த புதிய நிலையம் பெரியது, உயரமானது, குளிர்ச்சியானது. பழைய நிலையம் அருகிலேயே தாழ்ந்த கூரையோடு நிற்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதன் கூரை, கீழே நிற்கிறவனுக்கு நிழல் தர வேண்டும் என்று நினைத்துப் போட்ட கூரை.

நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் கடைத்தெரு முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் போனால் கெமாஸ் பாரு; அது ஜொகூர் மாநிலம். வீடுகள் தொடங்கும் இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயமும் தொடங்குகிறது. தாமான் வீடுகளின் வரிசையில் எந்த வீடு தமிழர் வீடு என்று கண்டுபிடிக்க வாசல் தோரணத்தைத் தேட வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒரு பந்தல் இருக்கும். இரும்புக் குழாய் நட்டது, கம்பு நட்டது, பழைய கட்டில் சட்டத்தை மேலே கிடத்தியது என்று எத்தனையோ விதம். மேலே பாகலோ அவரையோ படர்ந்திருக்கும். கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அம்மி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வெளிநாட்டு வீட்டு அலங்காரப் புத்தகங்கள் பெர்கோலா என்று பளபளப்பான படம் போட்டுக் காட்டுவது இதைத்தான். இத்தாலிக்காரன் திராட்சைக்குப் போட்டான், நாம் புடலைக்குப் போட்டோம்.

இந்தப் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. லயத்து வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு ஒட்டுத் திண்ணை. ஏழெட்டுப் பேர் அதற்குள் படுத்து எழுந்தார்கள். உட்கார்ந்து பேச, அரிசி புடைக்க, பிள்ளைக்குத் தலை சீவ, விருந்தாளிக்குக் காப்பி கொடுக்க இடம் வெளியில்தான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குக் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. சட்டம் சொன்னதெல்லாம் எல்லாத் தோட்டத்திலும் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிடைத்த இடத்தில் நம்மவர்கள் முதலில் நட்டது பந்தல் கால். பால் மரம் வெட்டிவிட்டு வந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காரும் நிழல் அது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தபோது லயங்களும் போயின. குடும்பங்கள் தாமானுக்கு வந்தன. வீட்டுக்குள் மூன்று அறை கிடைத்த பிறகும் வெளியே பந்தல் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

என் அத்தையின் பந்தல் அப்படி ஒன்று. மூலை வீடு, மேற்குப் பக்கம் நீளமாக ஒரு நிலத்துண்டு. மாமா ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்தவர். இரட்டைப் பாதை போடுவதற்காகப் பழைய பாதையைப் பெயர்த்தபோது, கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகளைக் குத்தகைக்காரரிடம் விலைக்கு வாங்கிப் பந்தல் கால் ஆக்கினார். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். எங்கள் மாமா புடலைக்கு ரயில் பாதையைக் கொடுத்தார் என்று வீட்டில் கேலி செய்வோம். நான்கு கால், மேலே இரும்புக் குழாய், அதன்மேல் பச்சை நிற நெளி பிளாஸ்டிக் தகடு. பத்தடிக்குப் பதினான்கடி. சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் திண்ணை. மாமா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

நான் போனபோது பந்தல் பார்க்கச் சகிக்கவில்லை. பச்சைத் தகடு மஞ்சளாகி, விரலால் தொட்டால் அப்பளம் போல் உடைந்தது. குழாயில் துரு. தரையில் பாசி. ஒரு மூலையில் காய்ந்த காகிதப்பூச் செடி முள்ளோடு நின்றது. டயரில் செய்த பூந்தொட்டிகள் இரண்டு, ஒரு காலத்தில் நீல வண்ணம் அடித்தவை. அத்தை ஆறு மாதமாக அங்கே உட்காருவதில்லை. உள்ளே தொலைக்காட்சி முன்னால்தான் இருக்கிறார் என்று அத்தை மகன், என் மச்சான், தொலைபேசியில் சொல்லியிருந்தார். வெயில் தாங்க முடியாமல் போயிருக்கும் என்பது அவர் கணிப்பு. எல்லாவற்றையும் இடித்துவிட்டு அலுமினியச் சட்டத்தில் கூரை போட ஒருவரிடம் விலை கேட்டிருந்தார். 6,800 வெள்ளி. அதைக் கேட்ட அன்றிலிருந்து அத்தை ஒரே வார்த்தையில் நின்றார்: "வேணாம்." காசுக்காகச் சொல்கிறாரா, மாமாவின் கட்டைக்காகச் சொல்கிறாரா என்று மச்சானுக்குப் புரியவில்லை. அம்மா தனியாக இருப்பது சரிப்படாது, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு காஜாங்குக்கு வந்துவிடட்டும் என்ற பேச்சும் மெதுவாக எழுந்திருந்தது. பந்தல் பேச்சுக்குப் பின்னால் அந்தப் பேச்சுதான் நின்றது.

மச்சானிடம் 900 வெள்ளி வாங்கினேன். இதற்குள் முடியவில்லை என்றால் அலுமினியக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.

முதல் நாள் எதையும் தொடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயில் எப்படி நகர்கிறது என்று பார்த்தேன். இது சோம்பேறித்தனம் போலத் தெரியும். பந்தல் வேலையில் இதைவிட முக்கியமானது இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறோம். கெமாஸ் வடக்கே இரண்டரைப் பாகைதான். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆண்டின் நடுவில் வடக்கே சாயும், ஆண்டு முடிவில் தெற்கே. ஆகவே மதிய வெயிலுக்குத் தலைக்கு மேலே மறைப்பு போதும். நான்கு மணிக்கு மேல் மேற்கிலிருந்து படுக்கை வாட்டத்தில் அடிக்கும் வெயிலை எந்தக் கூரையும் தடுக்காது. 6,800 வெள்ளிக் கூரையும் தடுக்காது. அத்தை வழக்கமாக உட்காரும் நேரம் நான்கரையிலிருந்து விளக்கு வைக்கும் வரை. அப்படியானால் பணத்தில் கொஞ்சம் மேற்குப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் அத்தையைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். எழும்போதுதான் விஷயம் விளங்கியது. திண்ணையின் உயரம் 14 அங்குலம். சின்ன வயதில் குந்தி உட்கார்ந்து பழகிய குடும்பத்துக்கு அது சரியான உயரம். முழங்கால் தேய்ந்த எழுபத்தெட்டு வயதுக்கு அது குழி. பிடித்து எழ ஒன்றும் இல்லை. ஒரு கையைச் சுவரில் வைத்து, இன்னொரு கையை என் தோளில் போட்டு எழுந்தார்.

"வெயிலா அத்தை, இதனாலதான் வரலையா?"

"வெயில் என்னய்யா வெயில், நான் பாக்காத வெயிலா? உக்காந்தா எந்திரிக்க முடியல. அன்னிக்கு ஒரு நாள் இருட்டுற வரைக்கும் அப்படியே இருந்தேன், யாராச்சும் வருவாங்கன்னு. புள்ளைங்ககிட்ட சொன்னா உடனே காஜாங்குன்னு ஆரம்பிச்சிடுவானுங்க."

இதை மச்சானிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திண்ணையை மொதல்ல பாரு" என்றார்.

மாமாவின் படுக்கைப் பலகை ஒன்று பின்கட்டில் சும்மா கிடந்தது. கெட்டியான, கனமான பலகை. அதை இரண்டாக அறுத்து, அடியில் கட்டை கொடுத்து, திண்ணையின் மேல் பதித்தோம். உட்காரும் உயரம் 18 அங்குலம் ஆனது. அறுத்து மிச்சமான இரும்புக் குழாயை வளைத்துத் திண்ணை ஓரத்தில் கைப்பிடியாக நட்டோம். இவ்வளவுக்கும் செலவு நட்டு, போல்ட், கொஞ்சம் சிமெண்ட். அழகுக்காக எதையும் தொடுவதற்கு முன் இது முடிந்துவிட்டதில் எனக்கு ஒரு நிம்மதி.

அடுத்தது கால்கள். திருப்புளியை எடுத்து ஒவ்வொரு காலிலும் அடியில் குத்திப் பார்த்தேன். உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது, போகாவிட்டால் நல்ல மரம். மாமா கெட்டிக்காரர். கட்டையை மண்ணில் புதைக்காமல், ஒரு அடி உயரச் சிமெண்ட் மேடை கட்டி, அதன்மேல் இரும்புத் தகடு வைத்துப் பிணைத்திருந்தார். சிலிப்பர் ஆறரை அடிதான் நீளம் என்பதால் பந்தலுக்கு உயரமும் கிடைத்தது, ஈரமும் ஏறவில்லை. ஆனால் பின்னால் வந்த யாரோ பூச்செடி வைக்க மண்ணைக் குவித்து இரண்டு மேடைகளை மூடிவிட்டார்கள். கட்டையின் அடிப்பாகம் அங்கே ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி இழுத்துப் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய பந்தல் வைத்திருப்பவர்கள் செலவு செய்வதற்கு முன் மண்வெட்டியை எடுத்து இதை ஒருமுறை பார்க்கலாம்.

நான்கு கால்களும் ஒரே மரமில்லை. இரண்டு, செங்கால் என்று நம்மவர்கள் சொல்லும் மலாய்க்காட்டு மரம். பழுப்பு நிறம், இரும்பு கனம். எண்ணெய் ஏற்றாமலே பல பத்தாண்டு மழையும் வெயிலும் தாங்கும். தண்டவாள ஆணி இறங்கிய துளைகள் அதில் அப்படியே இருக்கின்றன. மற்ற இரண்டும் கறுப்பு. உச்சி வெயிலில் கிட்டப் போனால் தார் வாடை. உள்ளங்கையை வைத்தால் பிசுபிசுப்பு. கெம்பாஸ், கெருயிங் போன்ற மரங்களைச் சிலிப்பராக்கும்போது கிரியோசோட் என்னும் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது அது. கரையானை விரட்டும், நம் தோலுக்கும் நல்லதில்லை, புற்றுநோய் அபாயம் உள்ள பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவில் தார் ஏற்றிய பழைய சிலிப்பரை வீட்டுத் தோட்டத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் போடக் கூடாது என்று தடை இருக்கிறது. இங்கே அதைக் காய்கறிப் பாத்திக்கு வரப்பாகவே போட்டு வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதை அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அவரு தோள்ல தூக்கிட்டு வந்ததுய்யா" என்றார். எந்தக் காலை என்று கேட்டேன். கறுப்புக் கால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். தொட்ட விரலை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்தார். அந்த வாடை அவருக்குப் புதிதில்லை. நாற்பது வருஷம் மாமாவின் சட்டையில் வந்த வாடைதான் அது. "துவைச்சாலும் போவாது" என்றார். ஒரு பகல் முழுக்க நான் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே வந்து, "கறுப்பு ரெண்டையும் எடுத்திடு. சேப்பு ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடத்தில் நாலுக்கு நாலு அங்குல மரக் கால் இரண்டு, ஒன்று 45 வெள்ளி என்று கிடைத்தது. புதிய மரம் வாங்கினால் அந்தத் தரத்துக்கு இரண்டு மடங்காவது ஆகும். கறுப்புக் கட்டைகளை எரிக்கக் கூடாது, அந்தப் புகை இன்னும் மோசம். இடிபாட்டுக் கழிவு எடுக்கும் லோரிக்கு 60 வெள்ளி கொடுத்து அனுப்பினோம். லோரி திரும்பும் வரை அத்தை வாசலில் நின்றிருந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்ட லயத்தை இடித்தபோது சாம்பல் நிற நெளி ஓடுகளைக் கொண்டுவந்து பந்தலுக்கும் கோழிக்கூண்டுக்கும் போட்டவர்கள் பலர். பழைய ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். சும்மா இருக்கும்வரை பெரிய தொல்லையில்லை. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் அதன் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். பந்தலைப் புதுப்பிக்கும் உற்சாகத்தில் சுத்தியலை எடுத்துவிடாதீர்கள். அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

கூரை விஷயத்தில் எனக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம். அவருக்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு வேண்டும்; பார்வைக்கு அழகு என்றார். நம் ஊர் வெயிலில் அது கண்ணாடிப் பெட்டி போல வெப்பத்தைக் கீழே இறக்கும். வெறும் கொடி மட்டும் என்றால் மழைக்கு ஒதுங்க முடியாது, அத்தைக்கு மழை பார்க்கப் பிடிக்கும். கடைசியில் சுவரை ஒட்டித் திண்ணைக்கு மேலே ஐந்தடி அகலத்துக்கு மட்டும் சிங்குத் தகரம், மீதி இடத்தில் கம்பி இழுத்துக் கொடி என்று முடிவானது. தகரம் மூன்று, 96 வெள்ளி. கொடி படரும் வரை வெறுமையாக இருக்குமே என்று கறுப்பு நிழல் வலை 40 வெள்ளிக்கு வாங்கித் தற்காலிகமாகக் கட்டினோம். வலையைக் கம்பிக்கு மேலே ஓரடி உயர்த்திக் கட்ட வேண்டும். கொடி வலைக்குள் பின்னிக்கொண்டால் பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. செடி போகும் அல்லது வலை போகும்.

குழாய்களின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சிவப்புத் துருத்தடுப்பு வண்ணம் ஒரு கை, அதன்மேல் பச்சை இரண்டு கை. மாமா அடித்திருந்த அதே வெளிர் பச்சை. தேய்க்கும்போது குழாய்களின் வாய் திறந்திருப்பதைக் கவனித்தேன். உள்ளே மழைத்தண்ணீர், தண்ணீரில் கொசுப்புழு. டயர் தொட்டிகளில் இன்னும் மோசம். டிங்கிக் கொசுவுக்குக் குளம் தேவையில்லை, இப்படி ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். குழாய் வாய்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். டயர்களும் அதே லோரியில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுவாரம் மச்சான் காரில் ஏற்றிக்கொண்டு போனார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

தரைக்குப் புதிய ஓடு பதிக்கவில்லை. வழவழப்பான ஓடு வெளியில் போட்டால் மழை நாளில் வயதானவர்களுக்குக் கண்ணி வைத்தது போலத்தான். பாசியைத் தேய்த்துக் கழுவி, உடைந்த பகுதியை மட்டும் பெயர்த்து, குவாரித் தூள் கொட்டி இடித்து, பக்கத்து வீட்டார் இலவசமாகக் கொடுத்த பழைய செங்கல்லை அடுக்கினோம். கால் இடறும் ஒரு படி இருந்தது, அதைச் சரிவாக்கினோம். மேலே சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொன்னேன், வழுக்காமல் இருக்க. கொத்தனார் ஒரு நாள் கூலி 150 வெள்ளி. அவர்தான் தண்ணீர் வாட்டம் வீட்டுப் பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து வடிகால் பக்கம் திருப்பினார். விளக்குக்கு உரிமம் உள்ள மின்பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டோம். மழை படும் இடத்தில் சொந்தக் கைவேலை கூடாது. மஞ்சள் ஒளி பல்பு ஒன்று, சுவிட்ச் திண்ணையிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில்.

நாற்று வாங்கக் கெமெஞ்சே சாலையில் போனோம். வழியில் சுங்கை கெலாமா பாலம். 1942 ஜனவரி 14 அன்று, சைக்கிளில் வரிசையாக வந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலியர்கள் மறைந்திருந்து தாக்கிப் பாலத்தைத் தகர்த்த இடம். நினைவுச் சின்னம் இருக்கிறது, காரை நிறுத்திப் பார்த்தோம். அத்தை அதில் ஆர்வம் காட்டவில்லை. அவருக்குத் தெரிந்த யுத்தக் கதை வேறு. ஜப்பான்காரன் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனான், தோட்டத்து ஆட்களையும் அதே வழியில் கொண்டுபோனான். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அத்தையின் பெரியப்பா அவர்களில் ஒருவர். "அவருக்குச் சின்னமும் இல்ல, கல்லும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மல்லிகை நாற்று நல்லதாகப் பார்த்து வாங்கு என்றார்.

செடிகளில் அத்தைதான் எனக்கு வாத்தியார். உடனே நிழல் வேண்டும் என்றால் பாகலும் புடலையும் போடு, இரண்டு மாதத்தில் மேலே ஏறிக் காய்க்கும், ஆனால் ஒரு போகத்தோடு காய்ந்துவிடும். அதற்குள் மல்லிகையும் ஆசைப்பழக் கொடியும் மெதுவாக மேலே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கணக்குச் சொன்னார். காகிதப்பூ வேண்டாம் என்றார். அழகுதான், ஆனால் முள்ளும் கனமும் சேர்ந்து குழாயை வளைத்துவிடும். மேற்குப் பக்கம் தரையிலிருந்து மேல்வரை கம்பி பின்னி, அதில் சங்குப்பூ விட்டோம். ஒரு மாதத்திலேயே நீலமாகப் பூத்துவிட்டது. அடுத்த தெரு மக்சிக் கிளந்தான்காரர், கணவர் ரயில்வே ஓய்வூதியர். நாசி கெராபுவுக்கு நிறம் கொடுக்கப் பூ பறிக்க வந்தவர், ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார். கறிவேப்பிலைக்கு வரும் சீனப் பாட்டி முன்பே அத்தைக்குக் கூட்டாளி.

செங்கால் கட்டைகள் இரண்டுக்கும் வெற்றிலை. தமிழ்நாட்டில் வெற்றிலையை அகத்தி மரத்தில் ஏற்றுவார்கள். கணுவிலிருந்து விடும் வேரால் பற்றி ஏறும் கொடி என்பதால் அதற்குச் சொரசொரப்பும் நிழலும் ஈரமும் வேண்டும். வழவழப்பான இரும்புக் குழாயில் ஏறாது. சிலிப்பரின் வெடிப்பிலும் ஆணித் துளையிலும் அது சுகமாகக் கால் ஊன்றிக்கொண்டது. செடியைத் தொட்டியில் வைத்துக் கட்டையோடு சாய்த்திருக்கிறோம். மண்ணைக் குவித்து மறுபடியும் கட்டையின் காலை நனைக்க வேண்டாம் என்று.

செலவு மொத்தம் 872 வெள்ளி. இதில் என் கூலியும் மச்சான் இரண்டு ஞாயிறு வந்து செய்த வேலையும் சேரவில்லை. சேர்த்தால் கணக்கு வேறாகத்தான் இருக்கும், மறைப்பதற்கில்லை. காஜாங் பேச்சு முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மச்சான் அதை அடுத்த ஆண்டு பார்ப்போம் என்கிறார். அத்தை, "பாக்கலாம்" என்கிறார்.

தகரத்து விளிம்பில் பீலி இன்னும் போடவில்லை. மழைத்தண்ணீர் செங்கல் தரையில் நேராகக் கொட்டுகிறது. பீலி போட்டு ஒரு பீப்பாயில் பிடித்து, வாயை வலையால் மூடிச் செடிக்கு ஊற்றலாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்டில் நான் மறுபடி போனபோது புடலை காய்க்கத் தொடங்கியிருந்தது. அதன் வெள்ளைப் பூ இருட்டும் நேரத்தில்தான் விரியும், நூல் நூலாக. விளக்கைப் போடாமல் அத்தை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஞ்சு சுருளாமல் நேராக நீள வேண்டும் என்றால் நுனியில் கல் கட்ட வேண்டும். மாமாவின் பழைய கருவிப் பெட்டியில் தண்டவாளத்துச் சல்லி ஒரு கைப்பிடி கிடந்தது, எதற்காக வைத்திருந்தாரோ. அதில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்து அத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார். நூலை இறுக்கக் கூடாதாம். நுனியைச் சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சு போதும், இறுக்கினால் பிஞ்சு கறுத்துவிடும்.